கையில் இருந்தது மனித இதயமா, ஆட்டு இதயமா?

சுண்ணாம்புச்சுவர்:
மருத்துவக் கல்லூரிகள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து அனாட்டமி (உடற்கூறியல்) துறையைச் சுற்றிக் காட்டுவது பற்றி மேலத்தெரு நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கையுறைகூட இல்லாமல் மனித இதயத்தை ஏந்திப் பார்த்தாள்" என்கிறார். பதினெட்டு ஆண்டுகளாக உயிரியல் நடத்துகிறேன். நானும் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். ஜாடிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. உங்கள் மகள் ஏந்தியது ஆட்டு இதயம் ஐயா. காலையில் கறிக்கடையில் வாங்கியிருப்பார்கள்.

மேலத்தெரு:
அங்கே நின்றது நானா, நீங்களா? எனாமல் தட்டில் இருந்தது. சாம்பலும் பழுப்புமாக ஒரு நிறம். பேராசிரியர் அம்மாவே எடுத்துக் கொடுத்து "இது மனித இதயம்" என்றார். காலையில் வாங்கிய ஆட்டு இதயம் மதியத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடுமா? உங்கள் பள்ளிக்கு ஜாடிதான் கிடைத்தது என்றால் அதற்கு நான் என்ன செய்வது?

ஓய்வு_அனாட்டமி:
31 ஆண்டுகள் அனாட்டமி துறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு பேரும் வெறும் கையால் முழம் போடுகிறீர்கள். உறுப்பு கெடாமல் ஊறவைக்கும் ஃபார்மலின் திரவத்தில் கிடந்தால் எந்த இதயமும் சாம்பல் நிறமாகும், ஆடாவது மனிதனாவது. ஒரே கேள்வி. மேலே எத்தனை குழாய்? மனிதனுக்கு மகாதமனியின், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின், வளைவிலிருந்து மூன்று கிளைகள் தனித்தனியாகக் கிளம்பும். ஆட்டுக்கு ஒரே பெரிய குழாய் கிளம்பி, அப்புறம்தான் பிரியும். எண்ணிச் சொல்லுங்கள், தீர்ந்தது.

மேலத்தெரு:
புகைப்படம் இருக்கிறது. ஆனால் மகளின் கட்டைவிரல் மேல்பகுதியை மறைத்திருக்கிறது.

சுண்ணாம்புச்சுவர்:
கட்டைவிரல் மறைத்துவிட்டதாம்! எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

தென்றல்_வாசகி:
ஆடா மனிதனா என்பதை விடுங்கள். மனித இதயமாகவே இருக்கட்டும், அது யாருடையது? மார்க்சிஸ்ட் தலைவர்கள் ஜோதிபாசு 2010இல் இறந்தபோதும் சீதாராம் யெச்சூரி 2024இல் இறந்தபோதும் உடல்கள் மருத்துவக் கல்விக்குத் தானமாகப் போயின. பெயர் தெரியாத எத்தனையோ பேர் அப்படித்தான் கையெழுத்திட்டார்கள். மருத்துவ மாணவர்கள் படிக்கத்தானே கொடுத்தார்கள்? எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிணவறையில் வரிசையில் நின்று கைமாற்றிப் பார்ப்பதற்கா?

ஓய்வு_அனாட்டமி:
அம்மா, முதலில் சொல்லைத் திருத்துங்கள். பிணவறை வேறு, அனாட்டமி கூடம் வேறு. பிணவறை என்றால் பிரேதப் பரிசோதனை, போலீஸ், வெளியே அழுதுகொண்டு நிற்கும் உறவினர்கள். அனாட்டமி கூடம் வகுப்பறை. 31 ஆண்டுகளில் என் சொந்தக்காரர்களே "பிணவறை வேலைக்காரன்" என்று என்னைப் பந்தியில் தள்ளி உட்கார வைத்தார்கள். இங்கேயும் அதே பேச்சா? மேலத்தெரு, குழாயை எண்ணினீர்களா?

தென்றல்_வாசகி:
நான் கேட்டது தானம் செய்தவரின் சம்மதத்தைப் பற்றி. அகராதியைப் பற்றி அல்ல.

சந்தேகப்பிராணி:
ஐயா, வளைவுக்குக் கீழேயே வெட்டி எடுத்திருந்தால்? எண்ணுவதற்கு மேலே குழாயே இருக்காதே.

ஓய்வு_அனாட்டமி:
அப்படி வெட்டுகிறவன் என்னிடம் வேலை பழகியவனாக இருக்க மாட்டான்.

சுண்ணாம்புச்சுவர்:
வெட்டினார்களோ இல்லையோ, கையுறை இல்லாமல் ஃபார்மலின் இதயத்தை யாராவது பிள்ளை கையில் கொடுப்பார்களா? ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அந்தக் கூடத்தில் கால் வைத்தாலே கண் எரியும். உங்கள் மகளுக்கு எரிந்ததா?

மேலத்தெரு:
எரியவில்லை. நாற்றமும் பெரிதாக இல்லை.

சுண்ணாம்புச்சுவர்:
பார்த்தீர்களா! கறிக்கடை.

சந்தேகப்பிராணி:
அல்லது பிளாஸ்டினேஷன் செய்த இதயமாக இருக்கலாம். 1977இல் ஜெர்மனியில் குந்தர் ஃபான் ஹாகென்ஸ் கண்டுபிடித்த முறை. அசிட்டோனால் நீரையும் கொழுப்பையும் வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் சிலிக்கோனை ஏற்றுவார்கள். காய்ந்திருக்கும், நாறாது, வெறும் கையால் தொடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட வசதி கிடையாது.

மேலத்தெரு:
அதேதான்! மனித இதயம், பிளாஸ்டினேஷன் செய்தது. சுண்ணாம்புச்சுவர் இப்போது என்ன சொல்கிறார்?

சுண்ணாம்புச்சுவர்:
ஐந்து நிமிடம் முன்பு உங்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது. போன மாதம் பாம்புக்கடி விவாதத்திலும் இப்படித்தான், அடுத்தவர் சொன்ன பதிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள்.

மேலத்தெரு:
அந்த விவாதத்தில் கட்டுவிரியனுக்கும் ஓலைப்பாம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் தவித்தது யார் என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

ஓய்வு_அனாட்டமி:
பாம்பை விடுங்கள். ஆட்டு இதயத்தையும் பிளாஸ்டினேஷன் செய்யலாம், தெரியுமா? முறை மாறினால் பிராணி மாறிவிடுமா? நான் பணியில் இருந்தபோது பிள்ளைகள் வரும் நாளுக்கு முந்தின மாலையே ஜாடிகளைத் துடைத்து, மூடியின் விளிம்பில் மெழுகு பூசி வைப்பேன். ஒரு பையன் மண்டையோட்டுக்கு வணக்கம் சொன்னான். இன்னொருத்தி மயங்கி விழுந்து, எழுந்ததும் "அந்த மூளையை மறுபடியும் காட்டுங்கள்" என்றாள். எல்லாப் பிள்ளைகளையும் இதயத்தின் மேலிருக்கும் குழாய்களை எண்ணச் சொல்வேன். எண்ணாமல் ஒருவரையும் வெளியே விட்டதில்லை.

தென்றல்_வாசகி:
சம்மதம்?

ஓய்வு_அனாட்டமி:
அதற்குத் தனி விவாதம் தொடங்குங்கள் அம்மா.

மேலத்தெரு:
மகளையே எழுப்பிக் கேட்டேன். குழாயை எண்ணவில்லையாம். வெட்டித் திறந்திருந்த பக்கமாக உள்ளே விரலை விட்டாளாம். வால்வுகளைப் பிடித்துக்கொண்டு வெள்ளை நூல் நூலாக இருந்ததாம், வீணைத் தந்தி மாதிரி. ஆட்டு இதயத்தைப் பார்த்தவள் இப்படிச் சொல்வாளா?

சுண்ணாம்புச்சுவர்:
தூங்குகிற பிள்ளையை எழுப்பினீர்களா? இதற்காகவா?

ஓய்வு_அனாட்டமி:
அந்த நூல் ஆட்டுக்கும் உண்டு தம்பி. மேலே எத்தனை குழாய்?