புது சைக்கிள், பாகம் மட்டும் வேற: ஏத்துக்கலாமா?

கேள்வி: வாங்கின சைக்கிளோட பட்டியல்ல ஷிமானோ கம்பெனி ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்துல இயங்குற) டிஸ்க் பிரேக், 11-42 கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு; சின்னதுல 11 பல், பெருசுல 42). வந்தது கேபிள் (கம்பி இழுத்துப் பிடிக்கிற) டிஸ்க், 11-36 கேசட். பெடல் பக்கத்துப் பல்சக்கரம் 32 பல். திருப்பி அனுப்பணுமா?

பதில் 1: கேசட் சின்ன விஷயமில்லைங்க. மேடேற உதவுற லேசான கியர் (முன் பல்லைப் பின் பல்லால வகுத்தா) 0.76-லிருந்து 0.89 ஆயிடுச்சு, மேட்டுல மிதிக்க ஆறில் ஒரு பங்கு கூடுதல் பலம் வேணும். 42 பல்லை இப்ப இருக்கிற டீரெய்லர் (செயினைப் பல் மாத்துற பாகம்) தாங்குமான்னு மாடல் எண்ணை வச்சுப் பாருங்க. தாங்காதுன்னா கேசட்டை மட்டும் மாத்திப் பிரயோஜனமில்லை.

பதில் 2: பிரேக்கைத்தான் விடவே கூடாது. ஹைட்ராலிக்ல பேட் (தட்டை அழுத்திப் பிடிக்கிற கட்டை) தேயத் தேய பிஸ்டன் தானா முன்னுக்கு வரும். கேபிள்ல நாமதான் இழுத்து இறுக்கணும். டிஸ்க் தட்டுல 'ரெசின் பேட் ஒன்லி'ன்னு (பிசின் பேட் மட்டும்) பொறிச்சிருந்தா மெட்டல் பேட் போடாதீங்க, தட்டு சீக்கிரம் தேஞ்சிடும்.

பதில் 3: ஓட்டுறதுக்கு முன்னாடியே பாக எண்களைப் படம் எடுத்து, பில்லோட சேர்த்து எழுத்துல புகார் கொடுங்க. பாகங்கள் 'முன்னறிவிப்பின்றி மாறலாம்'ங்கிற வரியைக் கடைக்காரங்க காட்டுவாங்க. ஹைட்ராலிக்குக்கு கேபிள் ஈடே இல்லைன்னு சொல்லுங்க. மசியலைன்னா நுகர்வோர் உதவி எண் 1915.