மூட்டு மாத்தினவங்க, மாத்தக் காத்திருக்கிறவங்க: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மேலூர்க்காரி

அம்மாவுக்கு வலது முட்டி மாத்தி இன்னையோட நாலு மாசம். ஆபரேஷனுக்கு முன்னாடி நான் தேடாத இடமில்ல. கிடைச்சதெல்லாம் ஆஸ்பத்திரி விளம்பரம்தான், சிரிச்சுக்கிட்டே படியேறுற தாத்தா பாட்டிங்க. அதான் நடந்ததை நடந்தபடி எழுதுறேன். நீங்களும் எழுதுங்க.

அம்மாவுக்கு 63. நாத்து நடவு, களையெடுப்பு, அப்புறம் நூறு நாள் வேலை. வலி ஆரம்பிச்சு ஒன்பது வருசம். முதல்ல நல்லெண்ணெயும் நொச்சித் தழையும். பிறகு பக்கத்து ஊர் கட்டு வைத்தியர். பிறகு டவுன்ல ஒரு கிளினிக். ஊசி 300 ரூபாய். போட்டா ரெண்டு மாசம் நல்லா இருக்கும், மூணாவது மாசம் பழைய குருடி கதவைத் திறடி. கடைசி ரெண்டு வருசம் கால் வில்லு மாதிரி வளைஞ்சு, உக்காந்தே நகர ஆரம்பிச்சுட்டாங்க. அப்பதான் எங்களுக்குப் புத்தி வந்துச்சு.

முதலமைச்சர் காப்பீட்டுல சேர்க்கலாம்னு போனா, ரேஷன் கார்டுல தம்பி பேரும் இருக்கு. அவன் திருப்பூர்ல வாங்குற சம்பளம் குடும்ப வருமானத்துல ஏறிடுச்சு. வருசத்துக்கு 1,20,000 ரூபாய்தான் வரம்பு (முன்ன 72,000 ஆம், அப்படிப் பார்த்தா இது பரவாயில்ல). அவன் கல்யாணமாகித் தனியா இருக்கான், அம்மாவுக்கு அனுப்புறது மாசம் ஆயிரம். இதை வி.ஏ.ஓ.கிட்ட விளக்கி, தம்பிக்குத் தனிக் கார்டு வாங்கி, வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸ்ல போட்டோ எடுத்து அட்டை கைக்கு வர அஞ்சு மாசம். ஆபரேஷன் ரெண்டு மணி நேரம்.

அரசு ஆஸ்பத்திரியிலதான் பண்ணோம். டாக்டருங்க தங்கமானவங்க. கையில காசு வாங்கல. ஆனா செலவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். எங்க வீட்டு கக்கூஸ் கொல்லையில, மூணு படி இறங்கணும், குத்தவைக்கிற மாதிரி. டிஸ்சார்ஜ் அன்னைக்கு, "இனிமே குத்தவைக்கக் கூடாதும்மா"ன்னு சிஸ்டர் சொன்னப்ப நானும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். வெஸ்டர்ன் பேசின் வச்சு, படியை இடிச்சுச் சரிவாக்கி, பிடிமானக் கம்பி வச்சது 18,000 ரூபாய். ஓசி ஆபரேஷனுக்கு நாங்க கட்டின பில் அதுதான்.

இப்ப நடக்குறாங்க. கால் நேராயிடுச்சு, ஒரு விரக்கடை உயரமாயிட்டாங்க. தரையில உக்கார முடியல, அது ஒண்ணுதான் குறை. போன வாரம் ஒரு துட்டி வீட்டுல நாற்காலி கேட்டதுக்கு, "பெரிய மனுசியாயிட்டா"ன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். முட்டி வலியை விட அது ரொம்ப வலிச்சிருக்கு போல. ரெண்டு நாள் புலம்பினாங்க.

பில் பிரிச்சவன்

அக்கா, நாங்க கோயம்புத்தூர் பக்கம். எங்க அத்தைக்கு (மாமியாருங்க) 2018-ல ரெண்டு முட்டியும் ஒண்ணா மாத்துனோம், பிரைவேட்டுல. நான் கணக்கு எழுதுற வேலை, அதனால பில்லைப் பார்த்தா சும்மா விட மாட்டேன்.

2017 ஆகஸ்ட்டுல மத்திய அரசோட மருந்து விலை ஆணையம் முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு வச்சது ஞாபகம் இருக்குங்களா? அதுவரைக்கும் சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டோட சராசரி விலை 1,58,324 ரூபாய். அதை 54,720-க்குக் கொண்டுவந்தாங்க. தொடை எலும்புல மாட்டுறதுக்கு 24,090, கீழ் எலும்புத் தட்டுக்கு 16,990, நடுவுல வைக்கிற பிளாஸ்டிக்குக்கு 9,550, முட்டிச் சிப்பிக்கு 4,090. கூட்டிப் பாருங்க, பைசா சுத்தமா வரும். வரியோட 57,000 சொச்சம்.

இதை நம்பித்தான் நாங்க போனோம். ரெண்டு காலுக்கும் மூட்டு மட்டும் 1,15,000 கிட்ட. மொத்த பில் 4,60,000. மீதி எங்க போச்சுன்னா தியேட்டர் வாடகை, ரூம், கையுறை, "கன்ஸ்யூமபிள்ஸ்"னு ஒரு வரி. உச்சவரம்பு மூட்டுக்குத்தானுங்களே, ரூமுக்கு இல்லை. ஒரு பக்கம் இறக்குனதை இன்னொரு பக்கம் ஏத்திட்டாங்களான்னு என்னால நிரூபிக்க முடியாது. விலை குறைஞ்சதுக்கு முன்னாடி அதே இடத்துல பண்ணுன எங்க பெரியப்பா பில்லையும் வாங்கி வச்சுப் பார்த்தேன், அவ்வளவுதான் சொல்லுவேன்.

இன்னொண்ணு. தனியார் காப்பீடு வச்சிருக்கிறவங்க பாலிசியை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. மூட்டு மாற்றத்துக்குன்னு தனியாக் காத்திருப்புக் காலம் போட்டிருப்பாங்க. எங்களுது ரெண்டு வருசம். பாலிசி எடுத்து ஒன்றரை வருசம்தான் ஆயிருந்துச்சு. அத்தை ஆறு மாசம் பல்லைக் கடிச்சுட்டுக் காத்திருந்தாங்க.

ரிசல்ட் அருமைங்க. இந்த வருசம் கூட மருதமலை படியேறுனாங்க, வேண்டாம்னு சொல்லச் சொல்ல.

வடமராட்சி மகள்

நான் இருக்கிறது கனடாவில, ஸ்காபரோவில. எனக்கு இதில ரெண்டு கதை இருக்கு.

முதலாவது அம்மாட. இலங்கையில, பருத்தித்துறையில இருக்கிறா. அங்க அரசாங்க ஆஸ்பத்திரியில ஒப்பரேசனுக்குக் காசில்லை. ஆனா பொருத்துற சாமானை நீங்கள்தான் வாங்கித் தரோணும் எண்டு சொல்லிப்போட்டினம். ரூபாயில பெரிய தொகை. நானும் அண்ணாவும் அனுப்பினம், மூண்டு கிழமைக்குள்ள ஒப்பரேசன் முடிஞ்சுது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும் அதே வருத்தம், அதே டொக்டர். அவவுக்கு வெளிநாட்டில ஒருத்தரும் இல்லை, மகன் இறுதி யுத்தத்தோட இல்லாமப் போனவன். அவ இப்பவும் தடியோடதான் கிணத்தடிக்குப் போறா. அம்மா கோயிலுக்கு நடந்து போகேக்க அந்த வீட்டு வாசலைக் கடக்க ஒரு மாதிரிக் கிடக்குது எண்டு சொல்லுவா.

ரெண்டாவது என்ர. எனக்கு 58, இடது முழங்கால். இங்க ஒரு சதமும் கட்டேல்ல. ஆனா குடும்ப டொக்டர் கடிதம் எழுதி, எலும்பு டொக்டரைக் காண எட்டு மாசம். பேந்து ஒப்பரேசனுக்கு ஒம்பது மாசம். கனடாவில 26 கிழமைக்குள்ள செய்யோணும் எண்டு ஒரு அளவு வைச்சிருக்கினம். அதை எண்ணத் தொடங்கிறது எலும்பு டொக்டர் "சரி, செய்வம்" எண்டு சொன்ன நாளில இருந்துதான். அதுக்கு முதல் நான் நொண்டின எட்டு மாசம் ஒருத்தற்ற கணக்கிலயும் இல்லை. அந்த நேரம் தொழிற்சாலையில நிண்டுதான் வேலை. அம்மா போன் எடுத்து, "பிள்ளை, இஞ்ச வந்து செய்துகொண்டு போவன்" எண்டு கேட்டா. சிரிக்கிறதோ அழுறதோ எண்டு தெரியேல்ல.

லாரி இடுப்பு

எல்லாரும் முட்டி பேசுறீங்க, நான் இடுப்பு. வயசு 34, நாமக்கல் பக்கம், லாரி டிரைவர்.

தொடை இடுக்குல வலி. ஒரு வருசம் முதுகுப் பிடிப்புன்னு மாத்திரை குடுத்தாங்க. இடுப்புல வர்ற வலி முட்டியில கூடத் தெரியுமாம், அதனால முட்டியை வேற படம் எடுத்தாங்க. கடைசியில எம்.ஆர்.ஐ. எடுத்தப்பதான் தெரிஞ்சுது, தொடை எலும்போட தலைக்கு ரத்த ஓட்டம் நின்னு எலும்பு செத்துக்கிட்டே வந்திருக்கு. ஸ்டீராய்டு, குடி ரெண்டும் காரணமா இருக்கலாம்னார் டாக்டர். எனக்கு ரெண்டும் உண்டு, மறைக்கல. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிருந்தா எலும்பைத் துளைச்சு அழுத்தம் குறைக்கிற சின்ன ஆபரேஷனுக்காவது வாய்ப்பு இருந்திருக்கும். நான் போனப்ப தலை நசுங்கிடுச்சு.

பில் பிரிச்சவன் அண்ணே, அந்த 2017 உச்சவரம்பு முழங்காலுக்கு மட்டும்தான். எங்க இடுப்புக்கு இல்ல. செராமிக் போட்டா வயசுப் பையனுக்கு நல்லதுன்னாங்க, விலையைக் கேட்டுட்டு வீட்டுல மாட்டை வித்தோம்.

2019-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வைத் தங்கச்சி (நர்சிங் படிக்கிறா) காட்டினா. முழங்கால்ல 25 வருசம் தாங்குறது நூத்துக்கு 82, இடுப்புல 58. எனக்கு அது 59 வயசு. அதுக்கப்புறம் இன்னொரு வாட்டின்னா எலும்பும் கம்மியா இருக்கும், செலவும் கூட. அதை இப்ப நினைக்கிறதில்ல.

ஒரே ஒரு விசயம் கேட்டுக்குங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் மூட்டோட கம்பெனி, நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டின சீட்டு இருக்கும். கேட்டு வாங்குங்க, லேமினேட் பண்ணி வைங்க. உலோகத்து மேல உலோகம் உரசுற ஒரு வகை இடுப்பு மூட்டை 2010-ல உலகம் முழுக்கத் திரும்ப வாங்கினாங்க. அதுல இருந்து கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்துல கலந்துச்சு. இந்தியாவில மட்டும் 4,700 பேர் கிட்ட அதைப் போட்டிருந்தாங்க. அதுல நிறையப் பேரைக் கண்டுபிடிக்கவே முடியல, யாருக்கு எது போட்டாங்கன்னு எழுதி வச்ச இடம் இல்ல. ஸ்வீடன்ல முழங்காலுக்கு 1975-லயே பதிவேடு இருக்காம். நமக்குப் பதிவேடு நம்ம வீட்டு பீரோதான்.

ஓய்வு பெற்ற வாத்தியார்

நல்ல கதைகளுக்கு நடுவில் ஒரு கெட்ட கதையும் இருக்கட்டும். பெரிய தனியார் மருத்துவமனை, முட்டிக்கு ரோபோ ஆபரேஷன், அதற்கு மட்டும் கூடுதலாக 60,000 ரூபாய். இரண்டு வருடம் ஆகிறது. வலி போகவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "சார், பர்ஃபெக்ட்டா இருக்கு" என்கிறார்கள். எக்ஸ்ரே நன்றாகத்தான் நடக்கிறது, நான் நடக்கவில்லை. தொற்று இல்லை, தளர்வும் இல்லை என்று சோதித்துவிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி இருப்பதில்லை என்பது மருத்துவர்களே ஒப்புக்கொள்ளும் கணக்கு என்று பிறகுதான் அறிந்தேன். கையெழுத்துப் போடும் முன் யாராவது சொல்லியிருந்தால், அப்போதும் போட்டிருப்பேன். ஆனால் சொல்லியிருக்க வேண்டும்.

பிசியோ தம்பி

வாத்தியார் ஐயா, உங்களைப் பார்க்காமல் எதுவும் சொல்வது தப்பு. முதுகுத் தண்டையும் இடுப்பையும் ஒரு முறை சோதித்தார்களா என்று மட்டும் கேளுங்கள். முட்டியில் தெரியும் வலி அங்கிருந்தும் வரலாம், லாரி அண்ணனுக்கு நடந்ததன் மறுபக்கம் அது. ரோபோ எலும்பைத் துல்லியமாக வெட்டும், அது உண்மை. அதனால் வலியும் நடையும் பெரிதாக மாறும் என்று இதுவரை உறுதியாகவில்லை.

நான் பார்ப்பதைச் சொல்கிறேன். ஒரே டாக்டர், ஒரே மூட்டு, ஒரே வாரம் ஆபரேஷன் ஆன இரண்டு பேர். ஒருவர் வீட்டுக்கே நான் போகிறேன், தினமும். இன்னொருவர் 40 கிலோமீட்டர் பஸ்ஸில் வரவேண்டும். வாக்கரோடு டவுன் பஸ் படியேறிப் பாருங்கள், தெரியும். மூன்றாவது முறையோடு வருவதை நிறுத்திவிடுவார். ஆறு வாரம் கழித்து முதல் ஆளுக்கு முட்டி 115 டிகிரி மடங்கும். இரண்டாவது ஆளுக்கு 75. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழவே 90-க்கு மேல் வேண்டும். இரண்டாவது ஆள் ஊரில் போய், "ஆபரேஷன் ஃபெயிலியர்" என்பார். கேட்கிற நாலு பேர் ஆபரேஷனுக்கே வரமாட்டார்கள்.

மேலூர் அக்கா சொன்ன ஒன்பது வருடம்தான் என்னை உறுத்துகிறது. கால் அவ்வளவு வளைந்த பிறகு வருபவர்களுக்கு எலும்பும் தேய்ந்திருக்கும், தொடைச் சதையும் வற்றியிருக்கும். எங்கே தொடங்குகிறோமோ அதை ஒட்டித்தான் எங்கே முடிகிறோம் என்பதும் இருக்கும். என்னிடம் இப்படித் தாமதமாக வருபவர்களில் பெரும்பாலும் அம்மாக்கள்தான். அப்பாவுக்கு வலித்தால் மறுமாதமே ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு வலித்தால் தைலம்.

வரமுடியாதவர்களுக்குச் சில விஷயங்கள். முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள், சுகமாக இருக்கும், ஆனால் கால் நீட்ட வராமல் போய்விடும். வைப்பதென்றால் குதிகாலுக்கு அடியில். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடாதீர்கள், ரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே டாக்டர். சர்க்கரையும் சொத்தைப் பல்லும் ஆபரேஷனுக்கு முன்பே சரியாக வேண்டும்.

வடமராட்சி மகள்

தலாணி விசயம் அம்மாக்கு இப்பத்தான் போன் எடுத்துச் சொன்னன். ஆறு மாசமா வைச்சுக்கொண்டு படுக்கிறாவாம்.

மேலூர்க்காரி

எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். வாத்தியார் ஐயா எழுதினதைக் கேட்டு உச்சுக்கொட்டினாங்க. லாரித் தம்பியோட மாடு எத்தனைக்குப் போச்சுன்னு கேக்குறாங்க.

பருத்தித்துறைப் பெரியம்மா கதையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசல. எங்க தெருவுலயும் ஒருத்தங்க உண்டு. அம்மாவோட நடவுக்கு வந்தவங்க, புருசன் இல்ல, பிள்ளை இல்ல. வருமானச் சான்றுக்குப் பிரச்சினையே இல்லாத ஆளு. அட்டையும் இருக்கு, நாலு வருசமா டிரங்குப் பெட்டியில. ஏன் போகலன்னா, வார்டுல கூட ஒரு ஆள் இருக்கணும்னு சொல்லியிருக்காங்க, பாத்ரூம் கூட்டிப் போக, மருந்து வாங்கிவர. பத்து நாளைக்கு யாரு இருப்பா?

நானும் எங்க சின்ன அத்தையும் ஆளுக்கு அஞ்சு நாள்னு பேசியிருக்கோம். கக்கூஸுக்கு எங்க வீட்டுக்கே வந்துக்கட்டும், சரிவு இருக்கு, கம்பி இருக்கு. ஆதாரும் ரேஷன் கார்டும் ஜெராக்ஸ் எடுத்தாச்சு. செவ்வாய்க்கிழமை ஓ.பி. காலையில ஆறேகால் பஸ்.