மறு: ஹமோன் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'அலைக்கோடு' என்றே வைத்துவிடலாமே. படத்தில் அப்படித்தான் தெரிகிறது.

ஐயா, வணக்கம்.

அலைக்கோடு காதுக்கு இனிமைதான். ஆனால் ஹமோன், அதாவது வாளின் வாயை ஒட்டி ஓடும் அந்தக் கோடு, எல்லா ஜப்பானிய வாளிலும் அலையாக இராது. கியோட்டோ வட்டாரத்து யமாஷிரோ மரபு வாள்கள் பலவற்றில் நேராக ஓடும், அது சுகுஹா. பிஸென் நாட்டு ஒசாஃபுனே ஊர் வாள்களில் கிராம்பு மொட்டுகளை அடுக்கியது போலிருக்கும், அது சோஜி.

இங்கே வந்த இன்னொரு சொல்லான 'விளிம்புக் கோலம்' எனக்கு அதைவிட உறுத்துகிறது. கோலம் மேலே இடுவது. ஹமோன் எஃகுக்குள்ளேயே உண்டாவது. அடித்து முடித்த வாளுக்குக் களிமண் சாந்து பூசுவார்கள். முதுகில் தடிப்பாக, வாய்ப்புறம் மெல்லிசாக. ஏறத்தாழ 750–800 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால், வாய்ப்புறம் சட்டென்று குளிர்ந்து மார்ட்டன்சைட் என்ற கடும் எஃகாகிவிடும். முதுகு மெல்ல ஆறி, அடி தாங்கும் பெர்லைட் என்ற மென்மையான எஃகாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் எல்லைதான் ஹமோன். வாள் முதுகுப்பக்கம் வளைவதும் அந்தத் தோய்ச்சலில்தான்.

அமிலத்தால் வரைந்த போலிகளும் சந்தைக்கு வருகின்றன. அவற்றை வேண்டுமானால் கோலம் எனலாம்.

பெருந்தீயில் வெந்த வாளின் ஹமோன் அழிந்துபோகும். 1615இல் ஒசாகா கோட்டை வீழ்ந்தபோது எரிந்த புகழ்பெற்ற வாள்கள் சிலவற்றை எச்சிஸென் யசுத்சுகு என்ற வாள் கொல்லர் மறுபடி தோய்த்துக் கொடுத்தார். வாள் பழையது, ஹமோன் புதியது. இதையெல்லாம் தமிழில் எழுத, தோய்ச்சல் கலைச்சொல்லுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

ஜப்பானியச் சொல்லுக்கும் 'விளிம்பு வடிவம்' என்றுதானே பொருள் என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் அங்கே தோய்ப்பதைக் குறிக்கும் 'யாகி-இரே' கூடவே புழங்குகிறது. தமிழ் வாசகருக்கு அந்தத் துணை கிடையாது.

என் பரிந்துரை: தோய்வரி. அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பது நம் கொல்லர் வழக்கு. வரி என்பது புலியின் வரியைப் போல உடம்போடு வந்தது, தீட்டியதல்ல. நேர்த் தோய்வரி, கிராம்புத் தோய்வரி, மறுதோய்வரி என்று நீட்டவும் வசதி.

இனி நியே, நியோய். தோய்வரியில் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் பளிச்சிடும் மணிகள் நியே; வாள் கொல்லர் மசமுனேயின் பெயர் நிலைத்ததே அவற்றால்தான். மணியாகப் பிரித்தறிய முடியாமல் வெண்மூட்டமாகத் தெரிவது நியோய். முன்னதற்கு 'மின்மணி' சொல்வேன். பின்னதற்கு 'மஞ்சு' சரிவருமா? மேகம் என்ற பொருள் முந்திக்கொண்டு வருமோ என்று தயங்குகிறேன். பழஞ்சொல் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.