பால் திரிஞ்சதுக்கு இங்கிலீஷ்ல என்ன?

குழு: தாத்தா வீடு (17 பேர்)

ரம்யா: பால் கம்பெனிக்கு உடனே ஒரு மெயில் போடணும், இங்கிலீஷ்ல. "பால் திரிஞ்சு போச்சு"க்கு என்ன எழுதறது? ஸ்பாயில்டா, சோரா, கர்டிலா?

கார்த்தி: மில்க் எக்ஸ்பயர்டு. ஆழ்ந்த இரங்கல் 🙏

அத்தை: எல்லா பாலுமா??

ரம்யா: காய்ச்சின 5 லிட்டரும். ஃப்ரிட்ஜ்ல இன்னும் 3 பாக்கெட் இருக்கு, பிரிக்கலை. தேதி நாளைக்கு வரைக்கும் போட்டிருக்கு.

சித்தி: பாத்திரத்தை நான் நல்லாத்தான் கழுவினேன். இப்பவே சொல்லிடறேன்.

கார்த்தி: யாரும் கேக்கலையேம்மா

சித்தி: கேப்பாங்க.

ரம்யா: இப்படி எழுதியிருக்கேன்: "தி மில்க் காட் ஸ்பாயில்டு அண்ட் பிகேம் கர்டு." ஓகேவா பெரியப்பா?

பெரியப்பா: அனுப்பாதே. எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கார்த்தி: எல்லாரும் காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க

சித்தி: காபிக்குப் பால் ஏது

பெரியப்பா: முதலில் "பிகேம் கர்டு". இந்திய ஆங்கிலத்தில் கர்டு என்றால் தயிர். படிக்கிறவன், "பால் தயிராயிற்று, அதற்கென்ன இப்போது?" என்பான். வெளிநாட்டு ஆங்கிலத்தில் தயிர் யோகர்ட். கர்ட்ஸ் என்றால் பால் திரியும்போது ஒதுங்கும் கட்டிகள், பிரிகிற தண்ணீர் வே. ஆகவே அந்தச் சொல் உனக்கு எந்தப் பக்கமும் உதவாது.
அடுத்து "ஸ்பாயில்டு". கெட்டது என்று மட்டும் சொல்லும், எப்படிக் கெட்டது என்று சொல்லாது. நாறினாலும் ஸ்பாயில்டு, பூஞ்சை பிடித்தாலும் ஸ்பாயில்டு.
"சோர்" புளிப்பு. அது நாக்குக்குத் தெரிவது. "கர்டில்" கண்ணுக்குத் தெரிவது: கட்டி கட்டியாகப் பிரிவது. புளித்த பால் திரியாமலும் இருக்கும். புளிக்காத பாலையும் திரிக்கலாம், எலுமிச்சை பிழிந்தால் போதும். நீ பார்த்தது கட்டி. ஆகவே கர்டில்.

ரம்யா: சூப்பர். அப்போ "தி மில்க் காட் கர்டில்டு"?

பெரியப்பா: "காட்" எதற்கு? "தி மில்க் கர்டில்டு." பால் தானாகத் திரிந்தது. அவ்வளவுதான்.

அருண்: தானா எதுவும் திரியாதுப்பா

பெரியப்பா: நான் இலக்கணம் சொல்கிறேன். தமிழில் திரிந்தது தன்வினை, திரித்தது பிறவினை. உருவத்திலேயே வேறுபாடு தெரிகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே கர்டில்டு. "தி மில்க் கர்டில்டு" என்றால் பால் திரிந்தது. "லெமன் கர்டில்டு தி மில்க்" என்றால் எலுமிச்சை பாலைத் திரித்தது. முன்னால் எழுவாயாக யார் வருகிறார் என்பதுதான் கேள்வி.

கார்த்தி: "சித்தி கர்டில்டு தி மில்க்" 😂

சித்தி: நீ வீட்டுக்கு வா.

அத்தை: நேத்து ராத்திரி அந்தப் பெரிய பாத்திரத்துலதானே எலுமிச்சை ஜூஸ் கலந்தோம்? சும்மா ஞாபகம் வந்துச்சு

சித்தி: அண்ணி, உங்களுக்கு எப்பவுமே சும்மாதான் ஞாபகம் வரும்.

அருண்: சண்டை வேண்டாம், கணக்குப் பாப்போம். 1 லிட்டர் பாலைத் திரிக்க 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சை ஜூஸாவது வேணும், அதுவும் கொதிக்கிற பால்ல. 5 லிட்டருக்கு 10. அவ்வளவு ஜூஸ் கழுவின பாத்திரத்துல ஒட்டிட்டு இருக்காது.

சித்தி: இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கறேன்.

அருண்: இருங்க சித்தி, முடிக்கலை. நல்ல பாலோட பி.எச். (அமில அளவு, எண் குறைஞ்சா அமிலம் ஜாஸ்தி) 6.6லேர்ந்து 6.8. பாக்டீரியா லாக்டோஸை, அதாவது பால்ல இருக்கற சர்க்கரையைத் தின்னு லாக்டிக் அமிலம் விட விட அது இறங்கும். 4.6 வந்தா அடுப்பே வேண்டாம், பச்சைப் பாலே உறைஞ்சிடும். 6க்குக் கொஞ்சம் கீழ போனாலே பச்சையா பாக்க நல்லாத்தான் இருக்கும், காய்ச்சினா திரிஞ்சிடும். அதனாலதான் பாக்கெட்டைப் பிரிக்கும்போது யாருக்கும் தெரியலை. பால் ஏற்கெனவே அந்த ஓரத்துல நின்னுட்டு இருந்தா, பாத்திரத்துல ஒட்டின கொஞ்சம் ஜூஸும் தள்ளி விட்ருக்கலாம்.

அத்தை: அதைத்தான் நான் சொன்னேன்

பெரியப்பா: அந்த "ஓரத்துக்கு" ஆங்கிலத்தில் அழகான தொடர் உண்டு: "தி மில்க் இஸ் ஆன் தி டர்ன்." திரியும் தறுவாயில் இருக்கிறது. திரிந்த பிறகு "தி மில்க் ஹேஸ் டர்ண்டு." டர்ன் என்றால் திரும்புதல், மாறுதல். நம் "திரி"க்கும் அதே பொருள்தானே! தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் புணர்ச்சி விகாரத்துக்குச் சொன்ன வரிசையில் பின்னிரண்டும் பாலுக்கும் பொருந்தும்.
கர்டில் வந்த வழியும் பார். கர்டு என்ற பெயர்ச்சொல்லோடு ல் சேர்ந்தது. ஸ்பார்க் ஸ்பார்க்கிள் ஆனது போல, கிராக் கிராக்கிள் ஆனது போல. அந்தக் கர்டும் முன்னே கிரட். எழுத்து இடம் மாறிவிட்டது, தசை சதை ஆனது போல. பழைய கிரட் இன்றும் ஆங்கிலத்தில் அழுக்கு என்ற பொருளில் உயிரோடு

பெரியப்பா: இருக்கிறது. கை பட்டுப் போய்விட்டது.

கார்த்தி: மெயில் பெரியப்பா, மெயில்

ரம்யா: டைப் பண்ணிட்டேன், பாருங்க: "ஃபைவ் லிட்டர்ஸ் ஆஃப் மில்க் கடில்டு ஆன் பாயிலிங்."

அருண்: ஆர் எங்க? கடில்டுன்னா கட்டிப்பிடிச்சு கொஞ்சினதுன்னு அர்த்தம் ரம்யா

கார்த்தி: 5 லிட்டர் பாலும் கட்டிப்பிடிச்சு அழுதிருக்கு

ரம்யா: போனே மாத்திடுச்சு!! சரி பண்றேன்.

பெரியப்பா: ஆங்கிலேயர் அந்த ஆரைத் தனியாக உச்சரிப்பதில்லை, அமெரிக்கர் உச்சரிப்பார்கள். எழுத்தில் இரு சாராருக்கும் அது வேண்டும். இங் சேர்த்துக் கர்டிலிங் என்று எழுதும்போது மட்டும் கடைசி ஈ என்ற எழுத்தை எடுத்துவிடு. எல்லாவற்றுக்கும் கர்டில் போட்டுவிடாதே. குழம்பில் எண்ணெயும் நீரும் பிரிந்தால் ஸ்ப்ளிட். ஆறிக் கெட்டிப்பட்ட கொழுப்பு கன்ஜீல். உறை ஊற்றிய பால் தயிராக உறைந்தால் செட். பயத்துக்குச் சொன்னால் பிளட் கர்டில்டு, நாம் ரத்தம் உறைந்தது என்போம், ஆனால் ஆஸ்பத்திரியில் அதையே கிளாட் என்பார்கள்.

சுந்தர் மாமா: இப்பதான் பாக்கறேன். யாருக்கு ரத்தம் உறைஞ்சது? எந்த ஆஸ்பத்திரி??

அத்தை: யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க. பால்.

சுந்தர் மாமா: பாலுவுக்கா? நேத்துகூடப் பேசினேனே!

கார்த்தி: 😂😂😂

அத்தை: பால்! குடிக்கிற பால்! போனை வெச்சுட்டுக் கீழ வாங்க

அருண்: ரம்யா, அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த 3 பாக்கெட்டையும் ஒண்ணா ஊத்தாத. ஒவ்வொண்ணுலேர்ந்தும் 1 ஸ்பூன், தனித்தனிச் சின்னக் கிண்ணத்துல. கிண்ணத்தைக் கொதிக்கிற தண்ணில 5 நிமிஷம் வை, அப்புறம் சாய்ச்சுப் பாரு. ஓரத்துல ரவை மாதிரி துகள் ஒட்டினா அந்தப் பாக்கெட் போச்சு. ஒட்டலைன்னா அது காய்ச்சத் தாங்கும். புளிச்ச பாக்கெட் ஒண்ணு உள்ள போனாலும் மொத்தத்தோட அமிலமும் ஏறிடும், அதான் ஒரே பாத்திரத்துல 5 லிட்டரைக் கொட்டறது தப்பு.

ரம்யா: சரி, பண்றேன். திரிஞ்சதை அப்படியே ஃபோட்டோ எடுத்து மெயில்ல வைக்கலாம்ல?

சித்தி: அதை அப்பவே வடிகட்டித் துணில கட்டித் தொங்க விட்டுட்டேன். வீணாக்க மனசு வரலை.

அருண்: சித்தி!! சாப்பிடாதீங்க. நல்ல பாலை நாமளே எலுமிச்சை ஊத்தித் திரிச்சா சாப்பிடலாம். பால் தானா கெட்டுத் திரிஞ்சா அதுல என்ன பாக்டீரியா வளந்துச்சுன்னே தெரியாது. கொதிக்க வெச்சாலும் சிலது விட்டுட்டுப் போற நஞ்சு போகாது.

கார்த்தி: ஆதாரம் கொடியில காயுது

சித்தி: ஜூஸ்தான் காரணம்னா சாப்பிடலாம், பால்தான் காரணம்னா சாப்பிடக் கூடாது. அப்படித்தானே? முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க.

அருண்: இப்போதைக்குத் தொடாதீங்க.

ரம்யா: 3 கிண்ணமும் பாத்தாச்சு. ரெண்டு நல்லா இருக்கு. ஒண்ணுல துகள் ஒட்டுது.

அத்தை: அப்போ கம்பெனிதான்

கார்த்தி: மூணுல ஒண்ணுதானே. ஜூஸ் இன்னும் ரேஸ்ல இருக்கு

பெரியப்பா: கர்டில் என்ற சொல்லுக்கு இதுதான் வசதி. காரணம் சொல்லாது, கண்டதை மட்டும் சொல்லும். "ஃபைவ் லிட்டர்ஸ் ஆஃப் மில்க் கர்டில்டு ஆன் பாயிலிங், ஒன் டே பிஃபோர் தி யூஸ் பை டேட்." இதோடு நிறுத்து. சோர் என்று எழுதாதே, யார் ருசி பார்த்தீர்கள் என்று கேட்பான். துகள் ஒட்டிய பாக்கெட்டின் பேட்ச் எண்ணையும் அதைப் பரிசோதித்த விதத்தையும் தனி வரியில் போடு. மீதிப் பாலைக் கொட்டாமல் ஃப்ரிட்ஜில் வை.

ரம்யா: பேட்ச் நம்பர் இருந்த இடத்துலதான் கத்தரிச்சிருக்கேன். குப்பைல தேடறேன்.

அத்தை: சரி, சாயங்காலக் காபிக்குப் பால் யார் வாங்கறது?

சித்தி: நான் இல்லை.

சுந்தர் மாமா: பாலு போனை எடுக்க மாட்டேங்கறான்