ரெண்டர் செய்ததும் இருட்டுப் பகுதி கட்டம் கட்டமாக உடைகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கல்யாண வரவேற்பு வீடியோ. கேமரா ஃபைல் 1920×1080, விநாடிக்கு 50 ஃபிரேம், எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 8 பிட் நிறம், பிட்ரேட் 50 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 50 மெகாபிட்). எடிட்டிங் டைம்லைனும் அதே அளவு, அதே ஃபிரேம் ரேட்.

எச்.264-ல் 12 எம்பிபிஎஸ், விபிஆர் 2 பாஸ் (காட்சிக்கு ஏற்ப பிட்டைக் கூட்டிக் குறைத்து, இரண்டு முறை ஓட்டுவது) வைத்து எடுத்தால் முகம், ஜரிகை எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. மேடைக்குப் பின்னால் நீலத் திரையில் லைட் மங்கிக்கொண்டே போகிற இடம்தான் தொல்லை: பட்டை பட்டையாகப் பிரிகிறது, புகை விட்டதும் கட்டங்கள் நடுங்குகின்றன. அதே டைம்லைனை புரோரெஸ் 422 எச்கியூவில் (குறைவாகவே சுருக்கும், பெரிய ஃபைல் தரும் முறை) எடுத்தால் சுத்தம். ஆக, கலர் கரெக்‌ஷன் மேல் பழி போட முடியாது. கடைசிச் சுருக்கலில்தான் இருட்டுக்கு பிட் போதவில்லை. 30 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏற்றினால் குறைகிறது, ஆனால் மூன்று மணி நேர வீடியோ 40 ஜிபியைத் தொடுகிறது. யார் வாங்குவார்கள்?

புரோரெஸ் ஃபைலை ஹேண்ட்பிரேக்கில் (இலவச வீடியோ மாற்றி) போட்டு, எக்ஸ்264 (எச்.264 என்கோடர்), சிஆர்எஃப் 18 (பிட்ரேட்டுக்குப் பதில் தரத்தை நிலையாக வைக்கும் செட்டிங்), ஏக்யூ-மோட் 3 (இருட்டுப் பகுதிக்குக் கூடுதல் பிட் தரும் செட்டிங்) வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? லேசாக கிரெயின் (பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் பட்டை மறையும், ஆனால் அதுவே பிட்ரேட்டைத் தின்னும். எந்த அளவோடு நிறுத்துகிறீர்கள்? 10 பிட் எச்.265 (எச்.264-க்கு அடுத்து வந்த முறை) வேண்டாம், பென்டிரைவில் போட்டால் பழைய டிவிகள் பல அதை எடுக்காது. செட்டிங் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் போடுங்கள்.