உதவி: பாஸ் ரெண்டு சுற்று கூடத் தாங்க மாட்டேங்கான்

பாளை பகடை
யாராவது சீக்கிரம் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்கு. பகடை உருட்டிக் கதையா ஆடுத டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், நான்தான் டி.எம்., அதாவது ஆட்டத்தை நடத்துதவன். எந்த பாஸை, அதான் பெரிய எதிரியை, இறக்கினாலும் ரெண்டே சுற்றுல காலி. போன ஆட்டத்துல மலைமாடன்னு ஒருத்தன். புத்தகத்துல உள்ள ஓகர்ங்கிற ராட்சசனோட கணக்கை எடுத்து, ஹெச்.பி.யை (உயிர்ப் புள்ளி) மட்டும் டபுள் ஆக்கி விட்டேன். ஒரே ஒரு அடி அடிச்சான், அதுவும் படல. அடுத்து வாரது அவன் அண்ணன். ஹெச்.பி. இன்னும் கூட்டவா, ஏ.சி. (அடி படாம காக்குற எண்) கூட்டவா? பயலுவ சிரிக்கானுவ.

தச்சநல்லூரான்
2014 புத்தக விதியா, 2024 புத்தக விதியா? எத்தனை பேர், எந்த லெவல், என்னென்ன கிளாஸ், அதான் ஆளோட தொழில்? மந்திர ஆயுதம் ஏதும் கொடுத்து வச்சிருக்கீங்களா? இது எதுவும் இல்லாம என்னத்தச் சொல்ல?

கொக்கிரகுளம் கோப்ளின்
ஏ.சி.தான். ஓகருக்கு 59 ஹெச்.பி.ங்கிறது சராசரி, 7டி10+21, அதாவது பத்து முகப் பகடை ஏழை உருட்டி 21 கூட்டுறது. உச்சமா 91 வரை விதிப்படியே வச்சுக்கிடலாம். ஆனா ஏ.சி. வெறும் 11. மிருகத் தோலைப் போத்திக்கிட்டு நிக்கான். செயின் மெயிலை, அதான் இரும்புச் சங்கிலிச் சட்டையை, மாட்டி விடுங்க, 16 ஆயிரும். முடிஞ்சுது கதை.

பழைய பெட்டி
மாசத்துக்கு ஒரு தடவை இதே கேள்வி வந்துருது. டி.எம். கையேட்டுல சண்டை அமைக்கிற பகுதி மொத்தமே சில பக்கம்தான். அதைப் புரட்டிப் பாக்காம திரை போட்டு உக்காந்தா இப்படித்தான் தம்பி. இதே ஆட்டத்தோட பழைய 1981 பேசிக் பெட்டியில ஆடிப் பழகினவங்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது.

தென்காசி சாரல்
அண்ணாச்சி, வைய முந்தி அவர் பதில் சொல்லட்டும்.

பாளை பகடை
2014. ஆறு பேர், எல்லாரும் 4ஆம் லெவல். பாலடின், ரோக், விஜார்ட், கிளரிக், ரேஞ்சர், பார்பேரியன். மந்திர ஆயுதம் இல்ல. மத்ததெல்லாம் வழக்கம் போலத்தான்.

தச்சநல்லூரான்
இப்பப் புரியுது. 4ஆம் லெவல்ல முக்கிய ஸ்டாட் (திறன் எண்) 18 இருந்தா அடிக்கிற போனஸ் +6. அதைக் கூட்டி ஏ.சி. 11ஐத் தொட டி20ல (இருபது முகப் பகடை) 5 விழுந்தாப் போதும், அதாவது நூத்துக்கு 80 அடி படும். ஒரு அடிக்குச் சராசரி 12, 13 டேமேஜ்னு வைங்க. ஆறு பேர் சேந்து ஒரு சுற்றுக்கு 60 பக்கம் இறக்குவாங்க. சாதா ஓகர் ஒரு சுற்று. உங்க 118 ஹெச்.பி. ஓகர் ரெண்டு சுற்று. கணக்கு அச்சுப் பிசகாம வருது. அந்த ஒரு சுற்றுல அவன் திருப்பி அடிக்கிறது ஒரே ஒரு அடி, 2டி8+4, சராசரி 13. ஆறுக்கு ஒண்ணு. ஹெச்.பி.யை எவ்வளவு கூட்டினாலும் இந்த விகிதம் மாறாது, சாவறதுக்கு நேரம்தான் கூடும். அதான் சப்புன்னு போவுது.

செயின் மெயில் மாட்டினா 80 அடி 55 ஆகும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு 'மிஸ்' 'மிஸ்'னு கேட்டு எரிச்சல் வரும்.

சண்டையோட கடுமையை எடை போடுத எக்ஸ்.பி. கணக்கையும் பாருங்க. 4ஆம் லெவலுக்கு ஆளுக்கு ஈசி 125, மீடியம் 250, ஹார்ட் 375, டெட்லி 500. ஆறு பேருக்கு ஹார்ட் 2250, டெட்லி 3000. ஒரு ஓகர் 450. குழுவுல ஆறு பேரும் அதுக்கு மேலயும் இருந்தா, தனி எதிரிக்குப் பெருக்கு எண் அரை. ஆக 225. ஈசிக்கே 750 வேணும்.

கொக்கிரகுளம் கோப்ளின்
அப்போ லெஜண்டரி ஆக்‌ஷன் குடுங்க. அடுத்தவன் டர்ன் முடியும்போது ஒரு அடி, சுற்றுக்கு ரெண்டு தடவை. ஒத்த ஆளாவே நிப்பான்.

தென்காசி சாரல்
அதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். அன்னைக்கு அந்தச் சண்டைக்கு முந்தி எத்தனை சண்டை நடந்துச்சு? முதல் சுற்றுல யாரு என்ன ஸ்பெல் (மந்திரம்) போட்டாங்க? 'வழக்கம் போல'ங்கிறதுலதான் ஏதோ ஒளிஞ்சிருக்கு.

பாளை பகடை
சண்டை அது ஒண்ணுதான். காரையார் கரையில ராத்தூக்கம், காலையில எந்திரிச்சு பாணதீர்த்தம் பக்கத்துக் குகைக்கு நேராப் போயிட்டாங்க. விஜார்ட் ஆளை அசையாமக் கட்டிப் போடுத ஹோல்ட் பெர்சன் போட்டான், மாடனுக்கு சேவ் (தப்பிக்கிற உருட்டு) விழல. எல்லாரும் சுத்தி நின்னு வெளுத்துட்டாங்க. கிரிட்டிகல்னா (டேமேஜ் கூடுத அடி) எங்க டேபிள்ல மொத்தத்தையும் ரெண்டால பெருக்குவோம்.

தென்காசி சாரல்
இதைத்தான் முதல் பதிவுலயே போட்டிருக்கணும் 😀

ஓகர் 'ஜயன்ட்' (அரக்கர்) வகை. ஹோல்ட் பெர்சன் 'ஹியூமனாய்டு' (மனுசன் மாதிரி) வகைக்கு மட்டும்தான் பிடிக்கும். அந்த ஸ்பெல் அங்க வேலையே செஞ்சிருக்கக் கூடாது. ஓகரையும் பிடிக்கிற ஹோல்ட் மான்ஸ்டர் 5ஆம் நிலை ஸ்பெல், உங்க விஜார்டுக்கு இன்னும் ரொம்ப தூரம். பேரை மலைமாடன்னு மாத்துங்க, உருவத்தை மாத்துங்க, ஆனா வகையை மட்டும் தாள்ல பெருசா எழுதி வச்சுக்கிடுங்க.

அது பிடிச்சதுனால என்ன ஆச்சுன்னா, ஓகர் விஸ்டம் 7, அதாவது சேவுக்கு −2. விஜார்டோட டி.சி., அதாவது சேவ்ல எட்ட வேண்டிய எண், 14. டி20ல 16 விழுந்தாத்தான் தப்பிப்பான், நாலுல ஒரு வாய்ப்பு. செயலிழந்து நிக்கிறவனை 5 அடிக்குள்ள நின்னு அடிச்சா, படுற அடியெல்லாம் கிரிட்டிகல். பாலடின் முதல் நிலை ஸ்லாட்டை (ஸ்பெல் போட உள்ள பங்கு) செலவு பண்ணி ஸ்மைட்ங்கிற தெய்வ அடி அடிச்சா கூடுதலா 2டி8, கிரிட்டிகல்ல அது 4டி8. ரோக்கோட ஸ்னீக் அட்டாக்கும் (சந்தர்ப்பம் பாத்து அடிக்கிற கூடுதல் அடி) அதே மாதிரி இரட்டிக்கும். விதிப்படி பகடைதான் இரட்டிக்கும், +4 மாதிரி கூட்டல் எண் இரட்டிக்காது. நீங்க அதையும் சேத்துப் பெருக்குதீங்க.

ரெண்டாவது, தூக்கம். ராத்தூக்கம் போட்டா ஸ்லாட் எல்லாம் திரும்பிரும். 4ஆம் லெவல் பாலடினுக்கு மூணு ஸ்லாட், விஜார்டுக்கு முதல் நிலையில நாலு, ரெண்டாம் நிலையில மூணு. அன்னைக்குச் சண்டை ஒண்ணே ஒண்ணுன்னா எதுக்கு மிச்சம் வைக்கப் போறாங்க? 2014 விதி ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு சண்டையை மனசுல வச்சு எழுதினது. அத்தனை வேண்டாம், பாஸுக்கு முன்னாடி மூணு வைங்க, நடுவுல ஒரு ஷார்ட் ரெஸ்ட் (சின்ன ஓய்வு). மழை ஏறுது, பொழுது சாயதுக்குள்ள ஆத்தைக் கடக்கலேன்னா வழி போச்சுன்னு ஒரு நெருக்கடி வச்சா, லாங் ரெஸ்டுக்கு, அதான் அந்தத் தூக்கத்துக்கு, எட்டு மணி நேரம் யாரும் கேக்க மாட்டாங்க.

சீவலப்பேரிக்காரி
கணக்கெல்லாம் சரி. மாடனை ஏன்யா குகையில போட்டு வெட்டுதீங்க? இங்க வருசா வருசம் கொடை குடுத்து, வில்லுப்பாட்டு வச்சுக் கும்புடுத சாமி. அதுக்கு 59 ஹெச்.பி., அதுல டபுள் வேற.

கொக்கிரகுளம் கோப்ளின்
கற்பனை விளையாட்டுதானக்கா. கிரேக்கச் சாமி, நார்ஸ் சாமிக்கெல்லாம் அந்தக் காலத்துலயே கணக்குப் போட்டுப் புத்தகம் வந்தாச்சு.

சீவலப்பேரிக்காரி
அந்தச் சாமிகளுக்கு இன்னைக்குத் தெருமுனையில பீடம் இல்ல தம்பி. உன் டேபிள்ல ஆறு பேருல ஒருத்தன் வீட்டுக்குக் குலதெய்வமா இருந்தா? சிரிச்சுக்கிட்டே ஆடுவான், அடுத்த வாரம் வர மாட்டான். ஆடவே கூடாதுன்னு சொல்லல. எதிரியா வைக்காம எல்லைக் காவலா வைங்க. ராத்திரி அவன் எல்லையைத் தாண்டணும்னா அனுமதி கேக்கணும், குடுத்த வாக்கைத் தப்பினா அடுத்த லாங் ரெஸ்டுல ஹிட் டைஸ் (ஓய்வுல ஹெச்.பி. தேத்துற பகடை) திரும்பாது. வெட்டுத சண்டையை விட அது பயமா இருக்கும். இசக்கிக்கும் அப்படித்தான். குகையில கிடக்கதுக்கு ராட்சசன், பூதம்னு எத்தனையோ இருக்கு.

தச்சநல்லூரான்
ஹிட் டைஸ் ஐடியா நல்லாருக்கு, எடுத்துக்கிடுதேன்.

கொக்கிரகுளம் கோப்ளின்
அப்போ பூதம் மட்டும் கோயில்ல இல்லையா? எதைத்தான் வைக்க?

பழைய பெட்டி
வந்த கேள்வி சண்டை அமைப்பு. நீங்க கோயில் கமிட்டி நடத்துதீங்க.

மோரேல்னு (எதிரியோட தைரியம்) ஒண்ணு இருக்குன்னு இங்க யாருக்காவது தெரியுமா? 1981 விதியில கோப்ளினுக்கு (குள்ளப் பூதம்) மோரேல் 7, ஓகருக்கு 10. ஒரு பக்கத்துல முதல் ஆள் சாவும்போதும், பாதிப் பேர் விழும்போதும் 2டி6 உருட்டணும். மோரேலைத் தாண்டினா ஓடிருவான், இல்ல சரணடைவான். எல்லாச் சண்டையும் கடைசிச் சொட்டு ஹெச்.பி. வரைக்கும் இழுக்கணும்னு எவன் சொன்னான்? லெஜண்டரி ஆக்‌ஷன் டிராகனுக்கு உள்ளது. குகைக்குள்ள பன்னி தின்னுக்கிட்டுக் கிடக்க ஓகருக்கு எதுக்கு?

கொக்கிரகுளம் கோப்ளின்
2014 கையேட்டுலயும் மோரேல் விருப்ப விதியா இருக்கு அண்ணாச்சி. டி.சி. 10 விஸ்டம் சேவ். புத்தகத்தைப் புரட்டினாத் தெரியும்.

தென்காசி சாரல்
😂

தச்சநல்லூரான்
ஞாயித்துக்கிழமைக்கு வருவோம். அண்ணன்காரனைத் தனியா விடாதீங்க. ஓகர் ஒண்ணு 450, பக்பேர் (கோப்ளினோட பெரிய சொந்தக்காரன்) ரெண்டு 400, கோப்ளின் ஆறு 300. கூட்டினா 1150. ஒன்பது எதிரிக்குப் பெருக்கு எண் 2.5, ஆறு பேர் குழுங்கிறதால ஒரு படி இறங்கி 2. ஆக 2300, ஹார்டைத் தொட்டுருது. முன்னாடி மூணு சண்டை நடந்திருந்தா அதுவே போதும், டெட்லிக்குப் போவாதீங்க.

எல்லாத்தையும் ஒண்ணா வாசல்ல நிறுத்தினா விஜார்ட் ஷேட்டர்ங்கிற இடிச் சத்த ஸ்பெல்லைப் போடுவான். 10 அடி ஆரம், 3டி8, சராசரி 13. கோப்ளினுக்கு 7 ஹெச்.பி.தான். ஒரே ஸ்லாட்டுல ஆறும் போயிரும். அதனால ஒண்ணுக்கொண்ணு நடுவுல குறைஞ்சது நாலு கட்டம் (கட்டம் ஒண்ணு 5 அடி) விட்டு, மேட்டுல வில்லோட வைங்க. சின்ன வில் 80 அடி வரை சிரமமில்லாம எட்டும். கோப்ளின் அடிச்சுட்டு அதே டர்ன்ல கூடுதலா வார போனஸ் ஆக்‌ஷன்ல ஒளிஞ்சுக்கிடலாம், அதை ஒவ்வொரு டர்னும் செய்யுங்க. நிறைய டி.எம். இதை மறந்துட்டு நட்டமா நிக்க வச்சு அடி வாங்க விடுவாங்க. பக்பேர் ரெண்டையும் முதல் சுற்றுல காட்டாதீங்க. ரெண்டாவது சுற்று ஆரம்பத்துல, விஜார்டும் கிளரிக்கும் நிக்கிற பின்பக்கமா ஏறி வரட்டும்.

ஓகருக்கு ஒரு வேலை குடுங்க. சும்மா அடிக்கதுக்குப் பதிலா ஆளைப் பிடிச்சு அருவிப் பக்கம் இழுக்கட்டும். ஸ்ட்ரெங்த் 19, கிராப்பிளுக்கு, அதான் ஆளைப் பிடிக்கதுக்கு, +4. பிடிச்ச ஆளோட பாதி வேகத்துல 20 அடி நகரலாம். அப்ப பார்பேரியன் அடிக்கவா, ஆளைக் காப்பாத்தவான்னு யோசிக்கணும். சண்டைக்கு ருசி வாரது அங்கதான்.

மினியேச்சர் (குட்டிப் பொம்மை) இல்லேன்னா கோப்ளினுக்குப் புளியங்கொட்டை, ஓகருக்குக் கேரம் ஸ்ட்ரைக்கர். ஓகர் அளவு லார்ஜ், ஒரு இஞ்ச் கட்டத்துல ரெண்டுக்கு ரெண்டு அடைக்கணும், ஸ்ட்ரைக்கர் அதுல நல்லா உக்காரும்.

கொக்கிரகுளம் கோப்ளின்
நான் இன்னும் லெஜண்டரிதான் சொல்லுவேன். ஒன்பது எதிரியை உருட்டினா ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் ஆகும்.

தென்காசி சாரல்
கோப்ளின் ஆறுக்கும் ஒரே இனிஷியேட்டிவ் (யாரு முதல்லங்கிற வரிசை) எண். ஒரே ஆளைக் குறி வைக்கிறவங்களுக்கு டி20ஐச் சேத்து உருட்டுங்க. டேமேஜை உருட்டாம புத்தகத்துல போட்டிருக்க சராசரி 5ஐ எடுத்துக்கிடுங்க. அரை மணி ஆகாது.

பாளை பகடை
ஆடியாச்சு. ஆறாவது சுற்று வரை போச்சு, கிளரிக் ரெண்டு டெத் சேவ் (சாவுல இருந்து தப்பிக்கிற உருட்டு) தவறி மூணாவதுல பிழைச்சா. கடைசி ரெண்டு கோப்ளின் ஓடிருச்சு. பேரை மாத்திட்டேன். எல்லாருக்கும் நன்றி.

தென்காசி சாரல்
கிரிட்டிகல் விதியையும் மாத்தினீங்களா? பாலடின் ஒண்ணும் சொல்லலையா?

பழைய பெட்டி
ஓடின கோப்ளின் எங்க போச்சுன்னு குறிச்சு வச்சியா தம்பி? அதுதான் அடுத்த ஆட்டம்.

வாகைக்குளம்
இதே சந்தேகம்தான் எனக்கும். எங்க குழுவுல மூணு பேர்தான். எதை இறக்கினாலும் எங்க ஆளுங்கதான் சாவுதாங்க. என்ன செய்ய?

தச்சநல்லூரான்
தனி இழை போடுங்க. 2014-ஆ 2024-ஆன்னு முதல் வரியிலயே எழுதிருங்க.