என் தட்டைப் பற்றிய பேச்சு அக்கறையா, தீர்ப்பா?

நிலைக்கண்ணாடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அலுவலகத்தில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து மதிய உணவு உண்பது ஆறு ஆண்டுப் பழக்கம். முதல் நான்கு ஆண்டுகள் நான் நல்ல பருமனாக இருந்தேன். இரண்டாம் முறை பரிமாறிக்கொள்ளக் கை நீளும்போதெல்லாம், "இன்னுமா?" என்று யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பார், மற்றவர்களும் சிரிப்பார்கள், நானும் சிரித்தபடியே கையை இழுத்துக்கொள்வேன். பின்னர் மருத்துவரின் மேற்பார்வையில் 18 கிலோ குறைந்தேன். இப்போது அதே நண்பர்கள், "குருவி கொறிப்பது போலக் கொறிக்கிறீர்களே", "முகத்தில் களையே போய்விட்டது, ஏதாவது நோயா?" என்று கேட்கிறார்கள். அன்று உண்டது குற்றமாக இருந்தது. இன்று உண்ணாதது குற்றமாகிவிட்டது.

இவர்களில் எவரும் கெட்டவர் அல்லர். என் தந்தை மருத்துவமனையில் இருந்தபோது இரவெல்லாம் எனக்குத் துணையிருந்தவர்கள் இவர்கள்தாம். அதனால்தான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. ஒருவர் ஆசையோடு சமைத்து எடுத்து வந்ததை வேண்டாம் என்றால், உணவை மறுத்ததாக அல்லாமல் அவரையே மறுத்ததாக ஆகிவிடுகிறது. வாங்கிக்கொண்டாலோ, அடுத்த வாய்க்கே "இப்படித்தான் போன எடை திரும்பி வரும்" என்ற எச்சரிக்கை வருகிறது.

உடல் எடை உண்மையில் எவ்வளவு தூரம் ஒருவருடைய சொந்தத் தெரிவு? முழுக்க என் தெரிவுதான் என்றால், அவர்கள் குறை சொல்வதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. அப்படி இல்லை என்றால், இத்தனை ஆண்டுகள் நான் எதற்காக வெட்கப்பட்டேன்? நட்பு முறியாமல் இந்தப் பேச்சை நிறுத்தும் வழி தெரிந்தவர்களும் எழுதலாம்.

படிக்கல்

நான் உணவியல் ஆலோசகர். உங்கள் கேள்வியோடு என்னிடம் வராதவர்களே குறைவு என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

அடுத்த வேளை எதை உண்பது என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்குப் பின் எடைக்கருவியின் முள் எங்கே நிற்கும் என்பது அந்த அளவுக்கு நம் கையில் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதில்தான் எல்லாத் தீர்ப்புகளும் பிறக்கின்றன. 1986-இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்தார்கள். வளர்த்தவர்களின் சமையலை உண்டு, அவர்கள் வீட்டுப் பழக்கங்களோடு வளர்ந்த அந்த மனிதர்களின் உடல்வாகு, பெற்றவர்களின் உடல்வாகோடுதான் ஒத்துப்போயிற்று. வளர்த்தவர்களோடு அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. சூழலுக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மரபணுக்கள் மாறாத ஒரே தலைமுறைக்குள் உலகின் சராசரி எடை ஏறியிருப்பதற்கு, நம்மைச் சுற்றியுள்ள உணவும் வேலை முறையும் மாறியதே காரணம். ஆனால் அந்தச் சூழலையும் தனி மனிதர் எவரும் தெரிவு செய்து அமைக்கவில்லை.

மன உறுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், உடல்நலம் மிக்க 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பட்டினியால் வாடுவோருக்கு உதவும் என்று தாமாகவே முன்வந்தவர்கள் அவர்கள். கொள்கைக்காகத் துன்பத்தை ஏற்றவர்களிடம் மன உறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 24 வாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி மட்டும் கொடுக்கப்பட்டபோது அவர்கள் தங்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள். தட்டை நக்கினார்கள், சமையல் குறிப்புகளைத் தேடித் தேடிப் படித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், கனவிலும் உணவையே கண்டார்கள். சோதனை முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்த பிறகும், பலருக்கு எவ்வளவு உண்டாலும் பசி தீரவில்லை. இழந்த எடையை மீட்கும்வரை உடல் விடாப்பிடியாக நின்றது.

இதே கீஸ்தான் 1972-இல் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண்ணுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர். எடையை உயரத்தின் இருமடியால் வகுக்கும் கணக்கோ, 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியக் கணித அறிஞர் அடோல்ப் கெட்லே "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று அறிவதற்காக வகுத்தது. மக்கள் தொகையை அளக்கப் பிறந்த கணக்கு, இன்று ஒருவரின் ஒழுக்கத்தையே அளப்பது போலக் கையாளப்படுகிறது. அந்த எல்லைக்கோடும் கல்லில் பொறிக்கப்பட்டது அன்று. 1998-இல் அமெரிக்காவில் "மிகை எடை"யின் தொடக்கத்தை 25 என்று இறக்கியபோது, ஒரு கிலோகூட ஏறாமலே இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மிகை எடையினர் ஆனார்கள். 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள், ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே கவனம் வேண்டும் என்றார்கள். குறைந்த எடையிலேயே அவர்களுக்கு நீரிழிவு போன்றவை வருவதால் அதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது. எண் 24 என்றால் ஓர் அட்டவணையில் இயல்பு, இன்னொன்றில் எச்சரிக்கை. இப்படிப்பட்ட எண்ணை வைத்து மருத்துவர் ஒரு பரிசோதனைக்கு எழுதித் தரலாம். உடன் உண்பவர் தீர்ப்பு எழுதக் கூடாது.

மறுகரை

படிக்கல் அவர்கள் எழுதியதை மறுக்க என்னிடம் படிப்பில்லை. ஆனால் இந்த உரையாடல் போகும் திசை எனக்கு அச்சம் தருகிறது. என் தம்பியின் எடை ஏழு ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஏறியது. அவன் மனம் நோகக் கூடாது என்று வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இறுதியில் பார்வை மங்குகிறது என்று கண் மருத்துவரிடம் போனபோதுதான், சர்க்கரை நோய் விழித்திரைவரை சென்றுவிட்டது தெரிந்தது. நாங்கள் நாகரிகம் என்று நினைத்துக் காத்த மௌனம் வெறும் கோழைத்தனம் என்றே இன்றும் எனக்குத் தோன்றுகிறது. மற்றவர் உடலைப் பற்றிப் பேசவே கூடாது என்று விதி செய்துவிட்டால், பேசியே ஆக வேண்டிய நாளில் யார் பேசுவார்?

படிக்கல்

மறுகரை, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஏழு ஆண்டுகளில் தம்பியிடம் கேட்டிருக்க வேண்டியவை வேறு என்று நினைக்கிறேன்: தாகம் அதிகமாக எடுக்கிறதா, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறாய், கடைசியாக எப்போது இரத்தப் பரிசோதனை செய்தாய், நானும் உன்னோடு வரட்டுமா? இவற்றில் எதிலும் தட்டைப் பற்றிய பேச்சு இல்லை. 2025 சனவரியில் லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு சொன்னதும் ஏறத்தாழ இதைத்தான். பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டாமல், இடுப்புச் சுற்றளவு போன்றவற்றையும், உறுப்புகளின் செயல்பாடு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்றது அக்குழு. உடற்பருமனால் வரும் நோய்கள் கற்பனை அல்ல. அவற்றைச் சொல்லும் இடம் எட்டுப் பேர் கூடி உண்ணும் இடமும் அல்ல. கேலிக்கு அஞ்சி மருத்துவரிடமே போகாமல் இருந்து, நோய் முற்றிய பின் வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஈர்க்குச்சி

ஒல்லியானவர்கள் சார்பில் ஒரு சொல். பருமனானவரிடம் கேட்கச் சிலராவது தயங்குவார்கள். எங்களிடம் எவரும் தயங்குவதில்லை. "காற்றடித்தால் பறந்துவிடுவாய்", "வீட்டில் சோறு போடுவதில்லையா?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்கிறார்கள், மணிக்கட்டைப் பிடித்து விரலால் சுற்றளவு பார்த்தவர்களும் உண்டு. இதை வசவாக எவரும் எண்ணுவதில்லை என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

நிலைக்கண்ணாடி, நண்பர்களிடம் சொல்ல ஒரு வழி கேட்டீர்கள். ஒருவரைத் தனியே அழைத்து, "என் சாப்பாட்டைப் பற்றிய பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது, நீங்கள் முதலில் நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்துவார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எட்டுப் பேர் முன்னிலையில் சொன்னால் அதுவும் ஒரு கேலியாகிவிடும். எனக்கு இது பலித்தது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: நீங்கள் உங்கள் வீட்டில் யாருடைய தட்டையாவது கவனிக்கிறீர்களா?

நிலைக்கண்ணாடி

எல்லோருக்கும் நன்றி. கேள்வியில் நான் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் மேற்பார்வை என்று எழுதினேனே, அது வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும், பசியைக் குறைக்கும் செமாகுளுடைட் என்ற மருந்தின் ஊசி. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. நடைப்பயிற்சியால் குறைந்தேன் என்றால் பாராட்டுவார்கள், ஊசியால் குறைந்தேன் என்றால் குறுக்கு வழி என்பார்கள் என்று அஞ்சினேன். பொய்க்குக் கிடைத்த பாராட்டு உள்ளே போகவே இல்லை.

ஈர்க்குச்சியின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். என் உடல்வாகு அப்படியே வாய்த்திருக்கிறது. நான் பட்டது அவள் படக் கூடாது என்று, "போதும்", "மெல்ல", "அதில் எண்ணெய் அதிகம்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். நேற்றிரவு, இங்கு வந்த பதில்களைப் படித்த பின், ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் கரண்டியை எடுத்தபோது பார்த்தேன், அவ்வளவுதான். எடுத்ததை அப்படியே திரும்ப வைத்துவிட்டாள். இதை எங்கிருந்து சரிசெய்வது?

படிக்கல்

முதலில் ஊசியைப் பற்றி. 1,961 பேர் பங்கேற்ற ஆய்வில், வாழ்க்கை முறை அறிவுரையோடு இந்த மருந்தைப் பெற்றவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காட்டை ஒட்டிய எடையை இழந்தார்கள். அதே அறிவுரையோடு, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் இழந்தது 2.4 விழுக்காடு. மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. பசியை நடத்துவது மன உறுதி மட்டும் அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கண்ணாடி அணிந்தவரைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் முயன்று உற்றுப் பார்த்திருக்கலாமே என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் அலுவலகத்தில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். எவருக்கும் நீங்கள் மருந்துக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் அல்லர்.

மகளைப் பற்றி எழுதத் தயங்குகிறேன்; உங்களைக் குற்றவாளி ஆக்குவதுபோல் தோன்றிவிடக் கூடாது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வயதுக்குள் "நீ மிகவும் குண்டு" என்று யாராலாவது சொல்லப்பட்ட சிறுமிகள், அப்போதைய எடையைக் கணக்கில் கொண்ட பிறகும், 19 வயதில் உடற்பருமன் உடையவர்களாக இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. வீட்டாரின் சொல், வெளியாரின் சொல்லைவிட வலுவாகவே பதிந்தது.

எலின் சாட்டர் என்ற உணவியலாளர் வகுத்த பொறுப்புப் பிரிவினையைத்தான் நான் பெற்றோருக்குச் சொல்வது. எதை, எப்போது, எங்கே உண்பது என்பது உங்கள் பொறுப்பு; எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பது அவள் பொறுப்பு. சமைத்து வைப்பதோடு உங்கள் வேலை முடிகிறது. தொடக்கத்தில் சில வாரங்கள், நீங்கள் பார்க்கவில்லை என்பதை நம்பாமல், அவள் வழக்கத்தைவிட அதிகமாகவே உண்ணக்கூடும். அப்போதும் முகம் மாறாமல் இருக்க வேண்டும். மிகவும் கடினமான பகுதி அதுதான்.

நிலைக்கண்ணாடி

இன்று இரவு பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் முறை பார்க்கவில்லை.